வளைபந்து: கர்வ் பாலுக்கு ஒரு தமிழ்ச் சொல்

பேஸ்பாலில் பிட்சர் எறிகிற பந்து நேராக வருவது போலவே வந்து, பேட்டரை நெருங்கும்போது சரேலென்று கீழே இறங்கிவிடும். அதுதான் கர்வ் பால். 'கர்வ்' என்பதற்கு வேர் 'கர்வுஸ்' என்ற லத்தீன் சொல், வளைந்தது என்று பொருள். அதாவது பெயர் சொல்வது பந்து போகிற பாதையை மட்டும்தான், எறிகிறவரின் கை என்ன செய்கிறது என்று அதில் ஒன்றுமே இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பந்து வளைய வேண்டுமானால் கையைத் திருக வேண்டும் என்று நினைத்து முழங்கையைக் கெடுத்துக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதை முதலில் எறிந்தவர் என்று பெயர் பெற்றவர் அமெரிக்காவின் கேண்டி கம்மிங்ஸ். 1863-இல் புரூக்ளின் கடற்கரையில் சிறுவனாகக் கிளிஞ்சல்களை வீசி விளையாடியபோது அவை காற்றில் வளைந்து போவதைப் பார்த்து, பந்தையும் இப்படிப் போகவைக்க முடியாதா என்று யோசித்தாராம். 1867-இல் ஹார்வர்டு அணிக்கு எதிரான ஆட்டத்தில் அது கைகூடியது என்பது அவர் கதை. ஃப்ரெட் கோல்ட்ஸ்மித் என்பவரும் உரிமை கோரினார், ஆனால் 1939-இல் பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது கம்மிங்ஸுக்குத்தான். பந்து உண்மையில் வளைகிறதா, வெறும் கண்மயக்கமா என்ற சண்டை மட்டும் ரொம்ப காலம் ஓயவில்லை. 1959-இல் லைமன் பிரிக்ஸ் என்ற இயற்பியலாளர் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, 17.5 அங்குலம் வரை வளையும் என்று காட்டினார்.

வளைப்பது சுழற்சி. டென்னிஸில் டாப்ஸ்பின் பார்த்திருப்பீர்கள், அதேதான். பந்தின் மேற்பக்கம் முன்னோக்கி உருண்டபடி வரும்போது பின்னால் ஒதுங்கும் காற்று மேல்நோக்கித் திரும்புகிறது, அதற்கு எதிர்விசையாகப் பந்து கீழே தள்ளப்படுகிறது. மேக்னஸ் விளைவு என்பது இதுதான். கடிகார முகப்பில் 12-இலிருந்து 6-க்கு வருவது போல நேர்கீழாக விழுந்தால் அதை 'பன்னிரண்டு-ஆறு' கர்வ் என்பார்கள். 'அங்கிள் சார்லி' என்றும் 'ஹுக்' என்றும் செல்லப் பெயர்கள் உண்டு. பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர் இரண்டு விரலைக் காட்டிக் கேட்பதால் 'டியூஸ்', அதாவது இரண்டு, என்றும் சொல்வார்கள்.

சரி, தமிழில்? சுழற்பந்து என்றால் நமக்கு கிரிக்கெட்டின் ஸ்பின் நினைவுக்கு வந்துவிடும், போதாக்குறைக்கு பிட்சர் வேகமாக எறிகிற ஃபாஸ்ட்பாலும் சுழன்றுகொண்டுதான் வருகிறது, அதனால் அது சரிப்படாது. வளைவுப்பந்து தவறில்லை, கொஞ்சம் நீளம். என் ஓட்டு வளைபந்துக்கு. வளைந்த, வளைகிற, வளையும் பந்து என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது, ஊறுகாய், சுடுசோறு மாதிரி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே 'வளைப்பந்து' என்று ப் போட்டு எழுத வேண்டாம். இதைவிட எனக்குப் பிடித்தது, இங்கே வளைதல் தன்வினை: பந்து தானாக வளைகிறது. 'வளைத்தெறிதல்' என்று பிறவினையில் சொல்லியிருந்தால் எறிகிறவர் எதையோ வளைக்க வேண்டும் என்று ஆகிவிடும், கற்றுக்கொள்ளும் பிள்ளை தன் மணிக்கட்டைத்தான் வளைக்கும்.

அங்கேதான் ஆபத்து. நடுவிரலைத் தையலின் மேல் அழுத்தி, ஆள்காட்டி விரலை அதோடு ஒட்டி, கட்டைவிரலை அடியில் வைத்துப் பிடிக்க வேண்டும். கை முன்னால் வரும்போது உள்ளங்கை உட்பக்கம் பார்த்தபடி, கராத்தேயில் கைவிளிம்பால் வெட்டுவது போல வரட்டும், விரல்கள் பந்தின் மேலாகப் போய் முன்பக்கம் கீழே இழுக்கட்டும். குழாயைத் திருகுவது போல விடுகிற நொடியில் மணிக்கட்டை முறுக்கவே கூடாது. முதலில் பாதித் தூரத்தில், மெதுவாக, சுழற்சிக்காக மட்டும் எறியச் சொல்லுங்கள். பந்தைச் சுற்றி ஒரு வண்ண டேப் ஒட்டினால் சுழற்சி சரியா என்று பிள்ளைக்கே தெரியும்.

ஆனால் முறை சரியாக இருந்தாலும் எண்ணிக்கை கூடினால் பயனில்லை. வளரும் பிள்ளைகளுக்கு முழங்கையின் உட்புறத்தில் எலும்பு இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும் இடம் உண்டு, களைத்த கையால் எறிய எறிய இழுபடுவது அதுதான். ஆய்வகத்தில் அளந்தவர்கள் ஒழுங்காக எறிந்த கர்வ் பால் ஃபாஸ்ட்பாலைவிட முழங்கையை அதிகமாகத் திருகுவதில்லை என்று கண்டார்கள், அதைப் பிடித்துக்கொண்டு பத்து வயதுப் பிள்ளைக்கு ஆரம்பித்துவிடாதீர்கள். அமெரிக்காவின் 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டி 12 வயது வரை ஃபாஸ்ட்பாலும், அதே போலத் தோன்றி மெதுவாக வருகிற சேஞ்ச்அப்பும் போதும் என்கிறது. அந்த இரண்டும் பழகியபின் 13, 14 வயதில் வளைபந்து. 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 எறிதான் உச்சம், 66-க்கு மேல் போனால் நான்கு நாள் ஓய்வு. முழங்கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றே நிறுத்திவிடுங்கள், 'பழகினால் சரியாகிவிடும்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அப்புறம் ஒன்று. எதிர்பாராத கேள்வி கேட்டுத் திணறவைப்பதையும் ஆங்கிலத்தில் கர்வ் பால் எறிந்தார் என்பார்கள். அங்கே வளைபந்து வேண்டாம், 'கூக்ளி போட்டார்' என்று எழுதினாலே நம் ஊரில் எல்லோருக்கும் புரியும்.