ஊத்தங்கரைக்கு 04343 அல்ல: எஸ்.டி.டி. கோடு பற்றி ஒரு வேண்டுகோள்

ஊத்தங்கரையில் ஒரு சிறிய மருத்துவமனையின் புதிய பெயர்ப்பலகையில் தொலைபேசி எண்ணுக்கு முன்னால் 04343 என்று எழுதியிருந்தார்கள். மாவட்டம் கிருஷ்ணகிரி என்பதால் எஸ்.டி.டி. கோடும் (வெளியூரிலிருந்து அழைக்கும்போது எண்ணுக்கு முன் சேர்க்கும் குறியீடு) கிருஷ்ணகிரிக்கு உரியதாகத்தான் இருக்கும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த எண்ணை அப்படியே அழுத்தினால் கிருஷ்ணகிரி நகரில் ஒரு வீட்டில் மணி அடிக்கிறது. பிரசவ வலி, குழந்தைக்குக் காய்ச்சல் என்று நள்ளிரவில் பதறி அழைப்பவர்களிடம் "இது ஆஸ்பத்திரி இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன அந்த வீட்டு மூதாட்டி, இணைப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார். அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் இன்டர்காமும் லேண்ட்லைனும் பொருத்திப் பராமரிப்பது என் தொழில். இதே பிழையைப் பள்ளி நோட்டீஸ்களிலும், கல்யாண மண்டப ரசீதுகளிலும், லெட்டர்பேடுகளிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்.டி.டி. கோடு மாவட்டத்துக்குக் கொடுக்கப்பட்டதன்று. தொலைபேசித் துறை கட்டணம் கணக்கிடுவதற்காக நாட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறியீட்டு எண்ணை வைத்தது. பெரும்பாலும் ஒரு தாலுகாவோ அதை ஒட்டிய இரண்டு மூன்று தாலுகாக்களோ ஒரு பகுதியாக அமைந்தன. சேலத்திலிருந்து 1965இல் பிரிந்த பழைய தருமபுரி மாவட்டத்துக்குள் இப்படி ஏழு குறியீடுகள் அமைந்தன: ஊத்தங்கரைக்கு 04341, தருமபுரிக்கு 04342, கிருஷ்ணகிரிக்கு 04343, ஓசூருக்கு 04344, அரூருக்கு 04346, தேன்கனிக்கோட்டைக்கு 04347, பாலக்கோட்டுக்கு 04348. பிறகு 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஆட்சியர் அலுவலகம் வந்தது, எல்லைப் பலகைகள் மாறின; ஆனால் தொலைபேசிக் குறியீடு ஒன்றுகூட மாறவில்லை. ஆகவே இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் 04341, 04343, 04344, 04347 ஆகிய நான்கும், தருமபுரி மாவட்டத்துக்குள் மற்ற மூன்றும் வழக்கில் உள்ளன. பென்னாகரத்துக்காரர் 04342 என்றும், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர் 04346 என்றும் எழுத வேண்டும். இருவருக்கும் மாவட்டம் ஒன்றே. மாவட்டத்தின் பெயரைப் பார்த்துக் குறியீட்டை ஊகிக்கவே கூடாது என்பதை இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மாநிலத்தின் பெயரைப் பார்த்தும் ஊகிக்க முடியாது. "04 என்று தொடங்கினால் தமிழ்நாடு" என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். திருவனந்தபுரம் 0471, கொச்சி 0484, புதுச்சேரி 0413. ஐதராபாத்தின் குறியீடோ 040. ஓசூரிலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கும் பெங்களூருவுக்கு 080. முதல் இலக்கம் நாட்டின் ஒரு பெரும் பகுதியைக் குறிக்குமே தவிர, மாநில எல்லையை அது பின்பற்றுவதில்லை.

சென்னைக்கு 044, சேலத்துக்கு 0427, நமக்கு மட்டும் ஏன் ஐந்து இலக்கம் என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் வரும் பூஜ்யத்தை நீக்கிவிட்டால், குறியீடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து எங்கும் பத்து இலக்கம்தான். இணைப்புகள் மிகுந்த சென்னைக்கு உள்ளூர் எண் எட்டு இலக்கம் தேவைப்பட்டதால் குறியீடு இரண்டு இலக்கத்தோடு நிற்கிறது. சேலத்தில் மூன்றும் ஏழும், நம் ஊர்களில் நான்கும் ஆறும். எனவே எழுதி முடித்ததும் எண்ணிப் பாருங்கள். பழைய கட்டடங்களில் ஐந்து இலக்க உள்ளூர் எண்கள் இன்னும் காணப்படுகின்றன. அவற்றுக்கு முன்னால் 2 சேர்க்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தயவுசெய்து அழித்துவிட்டு எழுதுங்கள்.

நாடு விட்டு நாடு போயிருக்கும் பிள்ளைகளுக்கு எண் கொடுப்பவர்கள் இந்தியாவின் குறியீடான 91க்குப் பின் பூஜ்யத்தைச் சேர்க்க வேண்டாம். மொபைலிலிருந்து அழைக்கும்போது, எதிர்வீட்டு லேண்ட்லைனாக இருந்தாலும் பூஜ்யமும் குறியீடும் கட்டாயம் வேண்டும். லேண்ட்லைனிலிருந்து மொபைலை அழைக்க முன்னால் பூஜ்யம் வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் இதுதான் நடைமுறை. "போன் வேலை செய்யவில்லை" என்று என்னை வரவழைக்கும் இடங்களில் பெரும்பாலும் போன் நன்றாகவே வேலை செய்கிறது.

ஒகேனக்கல்லில் காவிரி வெள்ளம் புரளும் நாள்களில் மற்றொரு குழப்பம் நேர்கிறது. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவான எண். வெளியூரில் இருந்துகொண்டு தருமபுரிக் கட்டுப்பாட்டு அறையைத் தேடுபவர்கள் அதற்கு முன் 04342 சேர்க்க வேண்டும். கட்டுப்பாட்டு அறை மாவட்டத் தலைநகரில் இருப்பதால், ஊத்தங்கரைச் செய்திக்காக வெளியூரிலிருந்து அழைப்பவர்கள் இங்கே மட்டும் 04341ஐ விட்டுவிட்டு 04343ஐப் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதில் பணம் பறிபோகிறது. திரையில் 044 தெரிந்தால் சென்னையிலுள்ள வங்கித் தலைமை அலுவலகம் என்று பெரியவர்கள் நம்பிவிடுகிறார்கள். அக்காலத்தில் செப்புக் கம்பி வீட்டுக்கு வந்ததால் எண் தெரிந்தால் இடம் தெரிந்தது. இன்று இணையத்தின் வழியாக வேறெங்கோ இருந்துகொண்டு ஒரு நகரத்தின் எண்ணைத் திரையில் காட்டச் செய்ய முடிகிறது. என் தொழிலில் இருக்கும் எவரும் இதை அறிவார். குறியீட்டைப் பார்த்து ஓ.டி.பி. சொல்லாதீர்கள், யார் பெயரைச் சொன்னாலும் சொல்லாதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, பாஸ்புக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காமல் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குச் சொல்லுங்கள், காலம் கடந்தால் பணத்தை முடக்கி வைப்பது கடினம்.

பெயர்ப்பலகை எழுதுபவர்களிடமும் அச்சகத்தாரிடமும் ஒரு வேண்டுகோள்: எழுதக் கொடுத்த எண்ணை முழுமையாக, குறியீட்டோடு சேர்த்து, உங்கள் மொபைலிலிருந்து ஒருமுறை அழைத்துப் பாருங்கள். எடுப்பவர் சரியான இடத்தின் பெயரைச் சொன்ன பிறகு பெயின்ட்டைத் தொடுங்கள்.