டெட்டினியூ: தடுப்புக் காவலில் உள்ளவர்

சேலம் கோர்ட் வாசலில் ‘அவனைக் குண்டாஸ்ல போட்டுட்டாங்க’ என்பார்கள். அதே ஆளைப் பழைய வக்கீல்கள் ‘டெட்டினியூ’ என்பார்கள். லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சுக்கும், அங்கிருந்து ஆங்கிலம் வழியாக நமக்கும் வந்த சொல். ‘பிடித்து வைக்கப்பட்டவர்’, அவ்வளவுதான் பொருள். குற்றம் செய்தவர் என்றோ தண்டனை பெற்றவர் என்றோ அதில் இல்லை. இனிமேல் ஏதாவது செய்துவிடுவார் என்று அரசு கருதினால் போதும், விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம்.

இந்தத் தடுப்புக் காவல் கிழக்கிந்தியக் கும்பினி காலத்து ஆயுதம். 1818இல் வங்காளத்தில் ஒழுங்குவிதியாகத் தொடங்கி, மறு ஆண்டே சென்னை மாகாணத்துக்கு வந்தது. வெள்ளைக்காரனோடு போயிருக்க வேண்டும், போகவில்லை. அரசியலமைப்பின் 22ஆம் பிரிவே அதற்கு இடம் கொடுத்தது. குடியரசாகி 16ஆம் நாள், 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் அடைபட்டிருந்த கம்யூனிஸ்டுகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். இந்தத் தேதி சேலத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதே மாதக் கடைசியில் நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது.

நெருக்கடி நிலை முடிந்து வந்த ஜனதா ஆட்சி, அப்போது பலரை உள்ளே வைக்கப் பயன்பட்ட மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தை நீக்கியது. 1978இல் 44ஆவது திருத்தமும் கொண்டுவந்தது. காவல் சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரை வைத்திருக்கும் காலம் 3 மாதத்திலிருந்து 2 மாதமாகக் குறையும், குழுவை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்க வேண்டும் என்றது. நிறைவேறியும், அந்தப் பகுதி நடைமுறைக்கு வரும் தேதியை இன்றுவரை எந்த ஒன்றிய அரசும் அறிவிக்கவில்லை. நம் குண்டர் சட்டம் 1982இல் வந்தது. ஓராண்டு வரை வைக்கலாம். 2017இல் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவிமீதே அது பாய்ந்தது. உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தடுப்புக் காவல் கைதி’ புழக்கத்தில் இருக்கிறது. ‘கைதி’ அரபியிலிருந்து வந்தது. அதைவிட, கேட்டதுமே குற்றவாளி என்ற நினைப்பைத் தருகிறது. ‘காவலர்’ என்றால் போலீஸ், ‘காவலாளி’ என்றால் வாட்ச்மேன். ஆகவே ‘தடுப்புக் காவலில் உள்ளவர்’ என்றே எழுதலாம். நீளம்தான், ஆனால் நியாயமானது.

மொழி இங்கே வாழ்வையே தீர்மானிக்கும். காவலில் வைத்த காரணங்களை அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். ஆணையோடு தரும் ஆவணத் தொகுப்பான புக்லெட்டில் முக்கியமான ஆங்கிலத் தாளுக்குத் தமிழாக்கம் இல்லை என்பதற்காகவே ஆட்கொணர்வு மனுவில், அதாவது சட்டவிரோதக் காவலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனுவில், விடுதலையானவர்கள் உண்டு.