பீமன் உரலை ஆட்டுவது யார்?

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் படம் அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கூட்டமாக ஏற்காட்டுப் பக்கம் ஓர் ஓடையோடு காட்டுக்குள் இறங்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பாறை நெருக்கும் இடத்தில், ஓடைத் தரையில் வட்டமாக ஒரு குழி. வாய் ஒரு முழம் இருக்கும், ஆழம் இடுப்பளவு. அடியில் நாலைந்து உருண்டைக் கற்கள். "வழிகாட்டியவர் பீமன் உரல் என்றார். என் பையன் மிஷின் வைத்துத் துளைத்தது என்கிறான். எது சரி? இதில் இறங்கிக் குளிக்கலாமா?" என்று கேட்கிறார்.

பையன் சொன்னதில் பாதி சரி. மிஷின்தான், ஆனால் யாரும் கொண்டுவந்து வைத்ததல்ல.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் இப்படிப் பெயர் வைத்தார். வெறும் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இந்தப் பாறைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. தேய்ப்பது தண்ணீர் தூக்கிவரும் மணலும் கல்லும். மணலில் நிறைய இருப்பது குவார்ட்ஸ் என்ற கனிமம். கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை சொல்லும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. பாறையில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்துக்கு 6. மீதியைச் சொல்லத் தேவையில்லை.

பாறையில் ஒரு வெடிப்போ சின்னப் படியோ இருந்தால் அங்கே நீரோட்டம் தடுமாறிச் சுழிக்கும். பூமி சுழல்வதால் நம் ஊரில் எல்லாச் சுழியும் ஒரே பக்கம்தான் சுற்றும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். புயலுக்கு அது பொருந்தும். ஒரு முழக் குழியில், தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறதோ அதுதான் திசையைத் தீர்மானிக்கும்.

சுழியில் தண்ணீர் வளைந்து திரும்பிவிடும். தண்ணீரைவிடக் கனமான மணலால் அவ்வளவு சட்டென்று திரும்ப முடியாது. நேராகப் போய்ச் சுவரில் மோதும். அதனால்தான் குழியின் சுவர் அவ்வளவு வழுவழுப்பு. விரலால் தடவினால் திருகாணி மரை போலச் சாய்வான வரிகள்கூடச் சில குழிகளில் தட்டுப்படும். பெரிய கற்கள் அடியிலேயே உருண்டு தரையைக் குடையும். பல குழிகளில் வாயைவிட வயிறு அகலம்.

சரி, கல் நிறைய இருந்தால் குழி சீக்கிரம் ஆழமாகுமா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். லெனார்ட் ஸ்க்லார், வில்லியம் டீட்ரிச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஓர் உருளைப் பாத்திரம், அடியில் வட்டமாக வெட்டிய பாறைத் துண்டு, மேலே தண்ணீரைச் சுழற்ற ஒரு விசிறி. அதாவது செயற்கையாக ஒரு பீமன் உரல். கல் கொஞ்சம் போட்டதும் பாறை தேய ஆரம்பித்தது. கூடப் போட, தேய்மானமும் கூடியது. இன்னும் போடப் போட, ஒரு கட்டத்துக்கு மேல் குறைய ஆரம்பித்து, கடைசியில் நின்றே போனது! ஆட்டுக்கல்லில் அரிசியை அள்ளிக் கொட்டினால் குழவி அடிக்கல்லைத் தொடுமா? அதே கதைதான். கல் கல்லோடு மோதிக்கொள்கிறது, தரை தப்பித்துவிடுகிறது. பாறைக்குப் பாறை வித்தியாசத்தையும் அளந்தார்கள்: இழுத்துப் பிளக்கும் விசையைத் தாங்கும் வலு இரண்டு மடங்கானால், தேய்மானம் நாலில் ஒன்றாகிறது.

இதனால் ஆழத்துக்கும் ஒரு வரம்பு வந்துவிடுகிறது. குழி ஆழமானதும் சாதாரண வெள்ளத்தால் அடிக்கல்லை அசைக்க முடியாது. அந்தக் கல்லே தரைக்குக் கவசமாகக் கிடக்கும். நல்ல மழையில் ஓடை திமிறி வரும் நாட்களில்தான் உரல் ஓடும். நீங்கள் போன ஞாயிறு அதற்கு விடுமுறை.

பீமன் கதை மேல் எனக்குக் கோபமில்லை. அந்த உருண்டைக் கல்லை 'சுயம்பு' என்று வீட்டுக்குத் தூக்கிப்போகிறார்களே, அதுதான் எரிச்சல். அரைக்கிற கல்லை எடுத்துவிட்டால் அப்புறம் எப்படி அரைபடும்?

பக்கத்துப் பக்கத்துக் குழிகள் அகன்று, நடுச்சுவர் மெலிந்து உடைந்து, ஒன்றாகச் சேரும்போது ஓடையின் தரை ஒரு படி இறங்குகிறது. இப்படிப்பட்ட பள்ளத்தாக்குகளில் பக்கப் பாறையைப் பாருங்கள்; தலைக்கு மேல் உயரத்தில் அரைவட்டக் குடைவுகள் இருந்தால் அவை பழைய குழிகளின் பாதி. ஒரு காலத்தில் ஓடை அந்த உயரத்தில் ஓடியிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் நிகோஜ் கிராமத்தருகே குக்கடி ஆற்றில் எரிமலைப் பாறையில் இத்தகைய குழிகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. அவற்றைப் பார்க்கவே ஜனங்கள் போகிறார்கள்.

குளிப்பதா? கூடாது. வாய் குறுகி வயிறு அகன்ற குழியில் கால் ஊன்றவும் கை பற்றவும் ஒன்றுமில்லை. இன்னொன்று, உச்சியில் கொட்டிய மழை, உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே வந்து சேரும். பெரிய ஆறுகளில் நீர்மட்டம் அளக்க ஏற்பாடு இருப்பதுபோல, ஜனங்கள் நடக்கும் மலை ஓடைகளிலும் தானாகப் பதியும் கருவி வைக்கப் பணம் ஒதுக்கலாம். ஆராய்ச்சிக்கும் ஆகும், கீழே நிற்பவர்களுக்கு எச்சரிக்கையும் கொடுக்கலாம். அது வரும்வரை, தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, பையைத் தேடிக்கொண்டு நிற்காமல் மேட்டில் ஏறிவிடுங்கள்.