சுயாதீனத் திரைப்படம்: சொல்லும் பொருளும்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ நடக்கும் குறும்படத் திரையிடல் அழைப்பிதழில் ‘சுயாதீனத் திரைப்படக் கலைஞர்’ என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படும். அதைப் படிப்பவர் பெரும்பாலும் ‘குறைந்த செலவில் எடுத்த படம்’ என்று விளங்கிக்கொள்வார். பாட்டும் சண்டையும் இல்லாத படம் என்று விளங்கிக்கொள்பவரும் உண்டு. இரண்டும் சொல்லில் இல்லாத பொருள். சுயாதீனம் என்பது கைவசத்தைக் குறிக்கும் சொல். படம் யார் கையில் இருக்கிறது என்று அது கேட்கிறது. இந்தத் தொழிலில் நிலைக்க நினைக்கும் இளையவர்கள் அந்தக் கேள்வியைப் படப்பிடிப்புக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

சொல்லைப் பிரித்தால் சுய + அதீனம். ‘அதீனம்’ வடசொல், ஒருவருக்குக் கீழ்ப்பட்டது, ஒருவர் வசம் இருப்பது என்று பொருள். அதே குடும்பத்துச் சுவாதீனம் நமக்கு நன்கு பழகியது: காணி ஒருவருடைய சுவாதீனத்தில் இருக்கிறது என்றால் அவர் கைவசம் இருக்கிறது, சித்தசுவாதீனம் இல்லை என்றால் மனம் தன் வசத்தில் இல்லை. எதிர்ச்சொல் பராதீனம், அதாவது பிறர் வசம். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு அலைந்தவர்கள் இந்தச் சொல்லை மறக்க மாட்டார்கள். அரச காணியை ஒருவருக்கு வழங்குவதைக் ‘காணி பராதீனப்படுத்தல்’ என்றுதான் அங்கே எழுதுகிறார்கள். படத்தையும் ஒரு காணித்துண்டாக நினைத்துப் பாருங்கள். எல்லை எது, பத்திரம் யார் பெயரில், குத்தகை எத்தனை வருடம் என்ற கேள்விகள் அப்படியே பொருந்தும்.

ஆங்கிலத்து ‘இன்டிபென்டன்ட்’டின் வேர் லத்தீனில் தொங்குதலைக் குறிக்கும் வினை, எதிலும் தொங்கிக்கொண்டிராதது என்று பொருள்படும். அமெரிக்கத் திரைத்தொழிலில் அந்தச் சொல் வேரூன்றிய கதை பலருக்குத் தெரியாது. 1908 டிசம்பரில் தோமஸ் எடிசனும் வேறு சில கம்பனிகளும் கெமரா, புரொஜெக்டர் தொடர்பான தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு கூட்டமைப்பை உண்டாக்கினார்கள். அதன் உரிமம் இல்லாமல் படம் எடுக்கவும் கூடாது, காட்டவும் கூடாது. தியேட்டர்காரர் வாரம் 2 டொலர் கட்ட வேண்டும். இதற்கு இணங்காதவர்களைத்தான் ‘இன்டிபென்டன்ட்’ என்றார்கள். அவர்களில் ஒருவரான கார்ல் லெம்லி 1909இல் தொடங்கிய கம்பனியின் பெயரிலேயே அந்தச் சொல்லை வைத்தார். 1915இல் நீதிமன்றம் அந்தக் கூட்டமைப்பைச் சட்டவிரோதம் என்றது. அதற்குள் லெம்லி வேறு சிலரோடு சேர்ந்து 1912இல் யுனிவர்சல் நிறுவனத்தை உருவாக்கிவிட்டார். செலவின் அளவு அன்று பேச்சிலேயே இல்லை. உரிமப் பத்திரம்தான் வழக்கு.

தமிழில் இதற்கு நான்கைந்து சொற்கள் புழங்குகின்றன. ‘சுதந்திரத் திரைப்படம்’ என்றால் விடுதலைப் போராட்டத்தைப் பற்றிய படம் என்று நினைக்க இடமுண்டு. ‘சுயேச்சை’ என்பதில் இருப்பது இச்சை, தன் விருப்பம். நம் ஊரில் அது வாக்குச்சீட்டோடு ஒட்டிவிட்ட சொல்லும்கூட. ‘தற்சார்பு’ நல்ல தமிழ், வீட்டுத்தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் படம் தன்னைத் தானே சார்ந்து நிற்காது. 15 நிமிடக் குறும்படத்துக்கே பத்துப் பேர் வேண்டும். ‘தன்னுரிமைத் திரைப்படம்’ என்பதே பொருளுக்கு மிக நெருக்கமானது: உரிமை தன்னிடம். தூய தமிழில் எழுத விரும்புபவர் அதை எழுதலாம். இலங்கை வழக்கில் சுயாதீன ஆணைக்குழு, நீதித்துறைச் சுயாதீனம் என்று சொல் வேரோடிவிட்டதால் ‘சுயாதீனத் திரைப்படம்’ என்பதையும் தவறென்று தள்ள வேண்டியதில்லை. பெயர் மட்டும் போதாது என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தனியார் முயற்சியாகத் தொடங்கி, ஜூன் மாதமே அரசின் கைக்குப் போனது, பெயர் மாறவில்லை.

கலைச்சொல் ஆக்கும் வேலை கிழக்குக்குப் புதிதன்று. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். படத் தொழிலுக்கான சொற்களைக் கூத்துக் களரியிலிருந்தே எடுக்கலாம் என்பது எங்கள் உறுதியான எண்ணம். ஏட்டைப் பிரித்து அவரவர் பாத்திரத்தைக் கையளிக்கும் நிகழ்வு ‘சட்டம் கொடுத்தல்’. கிழமைக்கு ஒருமுறை ஆடிப் பழகுவது ‘கிழமைக்கூத்து’. அரங்கேற்றத்துக்கு முன் முழுவதையும் ஒருமுறை ஆடிப் பார்ப்பது ‘அடுக்குப் பார்த்தல்’. திரைக்கதைப் பிரதி வழங்கல், ஒத்திகை, முழு ஒத்திகை என்று எழுதுவதைவிட இவை உயிருள்ளவை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரிடம் சொன்னால் விளக்கம் கேட்க மாட்டார்.

இனி உரிமைக்கு வருவோம். இலங்கையில் இதை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். படைப்பைப் பதிவு செய்யாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு. திரைப்படத்தின் பொருளாதார உரிமை (அதைப் பிரதி எடுக்கவும் காட்டவும் விற்கவும் உள்ள உரிமை), ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாவிட்டால், தயாரிப்பாளருக்கே முதலில் சேரும். நெறியாளருக்கு அல்ல. தயாரிப்பாளர் என்பவர் படத்தை உருவாக்கும் முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவர். காசு கொடுத்தவர் அதனாலேயே தயாரிப்பாளர் ஆகிவிட மாட்டார். ஆனால் படத்தில் வழமையான முறையில் யார் பெயர் தயாரிப்பாளராகத் தோன்றுகிறதோ, மறுத்து நிறுவப்படும்வரை அவரே தயாரிப்பாளர் என்று சட்டம் கொள்ளும்.

நம் பகுதியில் பல படங்கள் கைமாறிப்போவது இந்த இடத்தில்தான். சுவிஸிலிருந்தோ கனடாவிலிருந்தோ மாமா காசு அனுப்புகிறார். நன்றிக்காக முதல் எழுத்தோட்டத்தில் ‘தயாரிப்பு’ என்று அவர் பெயரைப் போடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு தொலைக்காட்சி படத்தைக் கேட்டு வருகிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்பதில் குடும்பமே இரண்டாகிறது. அனுப்பும் காசு மூன்றில் எது என்பதை முதல் நாளே எழுதிவிட வேண்டும்: அன்பளிப்பா, கடனா, பங்கா. அன்பளிப்பென்றால் ‘நன்றி’ வரியில் பெயர் போதும். கடனென்றால் தொகையும் திருப்பித் தரும் திகதியும் வேண்டும். பங்கென்றால் வருமானத்தில் பங்கா, உரிமையில் பங்கா என்று பிரித்து எழுத வேண்டும். வருமானத்தில் நூற்றுக்கு 30 கொடுத்தாலும் படம் உங்கள் வசமே இருக்கும். உரிமையில் பங்கு கொடுத்துவிட்டால் அவர் ஒப்புதல் இல்லாமல் படத்தை விற்பதே சிக்கலாகிவிடும். மாமா அல்லவா, எழுத்தெதற்கு என்று கூச்சப்படாதீர்கள். உறவைக் காக்கவும் அந்த ஒரு தாள் உதவும்.

நடிகர், இசையமைப்பாளர், ஒளிப்பதிவாளர், கதை தந்தவர் ஒவ்வொருவரோடும் ஒரு பக்க ஒப்பந்தம் போதும். அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், வேலை, தருவது என்ன (நடிப்பு, குரல், மெட்டு), படத்தை எங்கெல்லாம் காட்டலாம், ஊதியம் (இல்லையென்றால் ‘ஊதியம் இல்லை’ என்றே), எழுத்தோட்டத்தில் பெயர் வரும் விதம், திகதி, இருவர் கையொப்பம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் நடித்தால் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். பொருளாதார உரிமையைக் கைமாற்றுவது எழுத்தில், இரு தரப்பும் ஒப்பமிட்டு நடக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ‘சரி அண்ணா’ என்று வந்த குரலை நம்ப வேண்டாம். இந்தக் கையொப்பங்களைப் படப்பிடிப்பின் முதல் காலையில், சாப்பாட்டுக்கு முன் வாங்குங்கள். படம் முடிந்தபின் ஒருவர் மத்திய கிழக்குக்குப் போயிருப்பார், இன்னொருவர் கோபத்தில் இருப்பார்.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தும் ஒலியால் பராதீனமாகும் படங்கள் உண்டு. தேத்தண்ணிக் கடைக் காட்சியில் பின்னால் வானொலி சினிமாப் பாட்டுப் பாடுகிறது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊரில் ஒலிபெருக்கி நிற்பதில்லை. அந்தப் பாட்டு உரையாடலோடு கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது கடினம். யூடியூபில் ஏற்றியதும் பாட்டின் உரிமையாளருக்கு விளம்பர வருமானம் போகும் அல்லது படம் முடக்கப்படும். கடைக்காரரிடம் கேட்டு வானொலியை நிறுத்துங்கள். சடங்கு நாட்களை அட்டவணையிலிருந்து நீக்குங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல்லடிக் கடற்கரையிலோ வாவிக் கரையிலோ பேச்சைப் பதிந்தால் ஒலிவாங்கிக்குக் காற்றைத் தடுக்கும் முடியுறை இல்லாமல் எதுவும் தேறாது. ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் 30 செக்கன் வெறும் சூழலோசையைப் பதிந்து வைப்பது படத்தொகுப்பில் உயிர் காக்கும்.

கூத்துப்பாட்டு பழையதுதானே, யாருக்கும் சொந்தமில்லையே என்று எடுத்தாள்வதிலும் கவனம் வேண்டும். நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கு அதே சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அண்ணாவியார் ஒருவர் புதிதாக எழுதிய தரு (கூத்துப் பாடல்) அவருடைய படைப்பு. அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பெயரையும் போட வேண்டும்.

மூலக் கோப்பு எவர் வீட்டில் கிடக்கிறது என்பதும் வசம் சம்பந்தப்பட்டதே. செக்கனுக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் கெமரா ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைட் எடுக்கும். 15 நிமிடப் படத்துக்குப் பத்து மடங்கு எடுத்தால் 150 நிமிடம், ஏறத்தாழ 113 ஜிகாபைட். மூன்று பிரதிகளுக்கு 340. ஒன்று படத்தொகுப்பாளரிடம், ஒன்று உங்கள் வீட்டில், மூன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். மாரி வெள்ளம் வரும் நிலத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே அலுமாரியில் வைப்பது ஆபத்து. படத்தொகுப்பாளரோடு மனம் கசந்து, மூலக் கோப்பு அவர் கணினியிலேயே அடைபட்டு, வெளிவராமல் போகும் படங்கள் உண்டு. ஒவ்வொரு நாள் படப்பிடிப்பு முடிந்ததும் பிரதி எடுத்தபின்தான் மெமரி கார்டை அழிக்க வேண்டும்.

வாழ்க்கைச் செலவுக்குக் கலியாண வீடும், தொண்டு நிறுவனங்களுக்கான ஆவணப்படமும் கைகொடுக்கும்; அதில் குறைவேதும் இல்லை. அந்த ஒப்பந்தங்களில் காட்சிகள் முழுவதும் நிறுவனத்துக்கே என்று எழுதியிருப்பது வழக்கம். அப்படியிருந்தால் அங்கே எடுத்த வாவிக் காட்சியை உங்கள் சொந்தப் படத்தில் செருக முடியாது. சொந்தப் படத்துக்கான காட்சியை உங்கள் சொந்த நாளில், தனி மெமரி கார்டில் எடுங்கள்.

மொழியும் ஒருவகைக் கைவசமே. மட்டக்களப்புப் பேச்சின் ‘மறுகா’ என்பதைப் ‘பிறகு’ என்று மாற்றச் சொல்லி, ‘வா கா’ என்பதை வெட்டச் சொல்லி எவரும் வற்புறுத்த முடியாத இடம் சுயாதீனப் படம். புரியாது என்ற பயம் இருந்தால் திரையின் கீழே எழுத்துரை போடலாம். பேச்சைத் தொட வேண்டாம்.

படம் முடிந்ததும் உடனே யூடியூபில் ஏற்ற மனம் துடிக்கும். பல விழாக்கள் இணையத்தில் வெளிவந்த படத்தை ஏற்பதில்லை. முதலில் விழாக்கள், பிறகு ஊர்த் திரையிடல், அதன்பின் இணையம் என்ற வரிசை பாதுகாப்பானது. விழாக்களுக்கு வேறு யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து அனுப்பாதீர்கள். தெரிவுக் கடிதமும் பரிசுப் பணமும் அந்தக் கணக்குக்கே வரும். தியேட்டரில் காட்ட டிஜிட்டல் சினிமாப் பொதி, அதாவது தியேட்டர் புரொஜெக்டருக்கான கோப்புத் தொகுதி, கேட்டால் செக்கனுக்கு 24 சட்டகம் (ஃபிரேம்)தான் பாதுகாப்பான தெரிவு. 25இல் எடுத்ததை 24ஆக மாற்றினால் படம் நூற்றுக்கு 4 அளவு நீளும், ஒலியைத் திருத்தாவிட்டால் குரல் தடிக்கும். ஆகவே முதல் நாளே 24 என்று முடிவெடுங்கள்.

யாராவது படத்தை வாங்க வந்தால் ஒப்பந்தத்தில் நான்கு சொற்களைத் தேடுங்கள்: காலம், நாடு, ஊடகம், பிரத்தியேகம் (வாங்குபவருக்கு மட்டுமே உரிமை என்பது). ‘உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக’ என்று இருந்தால் அது பராதீனம். 2 ஆண்டு, இலங்கை, தொலைக்காட்சி, பிரத்தியேகம் இல்லை என்று சுருக்கிக் கேளுங்கள். காலம் முடிந்ததும் உரிமை தயாரிப்பாளருக்குத் தானாகத் திரும்பும் என்ற வரியையும் சேர்த்த பின் கையொப்பமிடுங்கள்.