ரேஸ் பைக்கும் குரூஸரும்: சிகிச்சைக் கட்டிலில் தெரியும் வித்தியாசம்

ஞாயிறு பின்னேரம் நிலாவெளி வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றால் போதும், இரண்டு கட்சியையும் பார்த்துவிடலாம். ஆர்15, சிபிஆர், ஜப்பானிலிருந்து எப்போதோ வந்திறங்கிய பழைய 250கள் என்று பெற்றோல் டாங்கில் நெஞ்சு முட்டக் குனிந்து போகிற ரேஸ் பைக்காரர் ஒரு கட்சி. அவெஞ்சர், ரெபெல், டிராக்ஸ்டார் என்று காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு போகிற குரூஸர்காரர் மற்றக் கட்சி. புல்லட்காரர் தாங்கள் இரண்டிலும் சேர்த்தி இல்லை என்பார்கள், இருக்கட்டும். ரேஸ் பைக்காரர் குரூஸர்காரரைச் 'சாய்மனைக் கதிரை' என்று பகிடி பண்ணுவார்கள். குரூஸர்காரர் ரேஸ் பைக்காரரைத் 'தவளை' என்பார்கள்.

நான் திருகோணமலையில் பிசியோதெரபிஸ்ட். இரண்டு கட்சியும் என்னிடம் வருகிறது. நான் ஓடுவது ஸ்கூட்டி என்பதால் இரு பக்கமும் என்னைப் போட்டியாளராகக் கணக்கெடுப்பதில்லை. மற்றவனைப் பற்றி மனம்விட்டுச் சொல்வார்கள். "அவங்கட வண்டி ஆளக் கொல்லும் மிஸ்" என்று ஒருவர். "அதில இருந்தா முப்பது வயசிலயே கிழவன்தான்" என்று அடுத்தவர். கேட்டுக்கேட்டு எனக்குப் பட்டது இதுதான்: மற்றவனுடைய வண்டியைப் பற்றி இருவரும் சொல்வதில் நிறைய உண்மை இருக்கிறது. தன் வண்டி தன் உடம்புக்குச் செய்வதுதான் இருவருக்கும் தெரியவில்லை.

வண்டி எங்கே பிறந்தது என்று பார்த்தால் பாதி விளங்கும். குரூஸர் அமெரிக்காவின் முடிவில்லாத நேர் வீதிகளுக்காக வளர்ந்த உருவம்: தாழ்ந்த சீற், நீண்ட சட்டகம், முன்னுக்குத் தள்ளிவைத்த கால்மிதி. மற்றது பந்தயத் திடலின் பிள்ளை. 1985இல் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 வந்ததோடு, பந்தய வண்டியின் உடம்பை நம்பர் பிளேட் போட்டு வீதியில் விடுவது பெரிய வியாபாரமானது. எங்கள் பக்கத்துப் பையன்களின் கைக்கெட்டும் விலையில் இரண்டும் வந்தது பிற்பாடு. பஜாஜ் அவெஞ்சர் 2005இல், யமஹா ஆர்15 2008இல்.

பந்தய வண்டியில் குனிந்து இருப்பதற்குக் காரணம் உண்டு. நூறு, நூற்றிருபது கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கும், கைக்குப் பாரம் குறையும். அநுராதபுரச் சந்தியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அந்தக் காற்று எங்கே? மேலுடம்பின் பாரத்தில் ஒரு நல்ல பங்கு இரண்டு மணிக்கட்டிலும் இறங்குகிறது. ஆக, பந்தயத்துக்குச் செய்த இருப்பு வேகமாய்ப் போகும்போது உடம்புக்கு இதம், எங்கள் பிரதான வீதியில் வதை. வலி தாங்காமல் வேகம் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

மூதூரிலிருந்து தினமும் நகரத்துக்கு வேலைக்கு வரும் ஒரு தம்பி, சின்ன விரலும் பக்கத்து விரலும் விறைக்குது என்று வந்தார். அந்த இரண்டு விரல் என்றால் உள்ளங்கையின் அடியில், சின்ன விரல் பக்கமாக ஓடும் நரம்பு நசிகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால் அது வேறு நரம்பு, மணிக்கட்டின் நடுவால் போவது. கையைச் சோதித்துவிட்டு, "பைக்கில ஏறி இருங்க தம்பி, பாப்பம்" என்று வெளியே கூட்டிப்போனேன். கிளச் லீவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதை எட்டிப் பிடிக்க ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டு பின்னுக்கு மடிகிறது, பாரமும் அதே இடத்தில் இறங்குகிறது. லீவர் கவ்வியின் ஆணியைக் கொஞ்சம் தளர்த்தி, முன்கையும் விரல்களும் ஒரே கோட்டில் வரும்வரை கீழே திருப்பி இறுக்கினோம். பிறகு முழங்கை பூட்டாமல் மடிந்திருக்க, தொடையால் டாங்கை அணைத்து, வயிற்றுத் தசையால் மேலுடம்பைத் தூக்கிப் பிடிக்கப் பழக்கினேன். தொடை பிடித்தால் கை தளரும். மருந்தைவிட ஒரு ஸ்பானர் அதிகம் செய்த நாள் அது. எல்லாருக்கும் இவ்வளவு லேசாக முடிவதில்லை. இரவில் விறைப்பு நித்திரையைக் கலைத்தாலோ, கையிலிருக்கும் கோப்பை நழுவினாலோ நரம்புப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும்.

இதைக் கேட்டு குரூஸர்காரர் சிரிக்கத் தேவையில்லை. கால் முன்னுக்கு நீண்டால் இடுப்பெலும்பு பின்னுக்குச் சரியும், கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகும். பாரம் முழுக்க குண்டியெலும்பிலும் வாலெலும்பிலும். சாதாரண பைக்கில் குழியைக் கண்டால் கால்மிதியில் ஊன்றிக் கொஞ்சம் எழும்புவோம், முழங்கால் அதிர்ச்சியை வாங்கிவிடும். கால் முன்னால் இருக்கும்போது எழும்ப ஏலாது. குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை வரை போய்வருகிறவரின் முள்ளந்தண்டு ஒவ்வொரு குழியையும் நேரடியாக எண்ணும். பார்க்க சொகுசாக இருப்பதாலேயே இவர்கள் இறங்காமல் இரண்டு மணித்தியாலம் இருந்துவிடுகிறார்கள். ரேஸ் பைக்காரருக்கு வலி முக்கால் மணியில் சொல்லிவிடும், குரூஸர்காரருக்கு மறுநாள் காலை கட்டிலால் எழும்பும்போதுதான் தெரியும்.

பின் பொக்கெற்றில் பேர்ஸ் வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களையும் இங்கே சொல்லவேண்டும். ஒரு பக்கக் குண்டி உயர்ந்து, இடுப்புக் கோணி, காலுக்கு இறங்கும் நரம்பு நசிந்து, "டிஸ்க் விலகிட்டுதோ மிஸ்" என்று பயந்துபோய் வருகிறார்கள். முதலில் பேர்ஸை வெளியே எடுங்கள். அழகுக்காக ஹாண்டிலைத் தோளுக்கு மேலே உயர்த்தி மாற்றுவதும் வேண்டாம், கை இருதயத்துக்கு மேலே நிற்க நிற்க விரல் விறைக்கும், தோள்மூட்டு உரசும்.

எது ஆபத்து என்ற கேள்விக்கு அமெரிக்காவில் கணக்கே எடுத்திருக்கிறார்கள். அங்குள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சூப்பர்ஸ்போர்ட் வண்டி ஓட்டுகிறவர்களின் மரண வீதம் மற்ற வகைகளைவிட ஏறக்குறைய 4 மடங்கு. குரூஸர் கட்சி இந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கைதட்டும். அதே ஆய்வை இன்னும் கொஞ்சம் வாசித்தால், ரேஸ் பைக் மரணங்களில் பாதிக்கு மேல் வேகம், குரூஸர் வகை மரணங்களில் மூன்றில் ஒரு பங்களவு மது. அவர்கள் சொல்லும் வண்டிகள் 600, 1000 சிசி. எங்களிடம் ஓடுவது பெரும்பாலும் 150, 250. அதனால் 4 மடங்கு என்பதை அப்படியே இங்கே கொண்டுவர நான் விரும்பவில்லை. மதுவைக் கொண்டுவரலாம். லோங் வீக்கெண்ட் முடிந்த கிழமையில் என்னிடம் வருகிறவர்களைப் பார்த்தால் அதற்கு ஆய்வு தேவைப்படாது.

எனக்கு இதைவிடப் பிடித்தது 1981இல் வந்த ஹேர்ட் அறிக்கை. லொஸ் ஏஞ்சலிஸில் 900 விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து எழுதியது. மோதலுக்குச் சற்று முன்னர் இருந்த வேகத்தின் இடைநிலை மணிக்கு 48 கிலோமீற்றர்தான். அத்தோடு, குரூஸர் போக்கில் மாற்றிக் கட்டிய வண்டிகள், பந்தய வண்டிபோல மாற்றிக் கட்டிய வண்டிகள் இரண்டுமே விபத்தில் தங்கள் பங்குக்கு மேலாக வந்திருந்தன. ஆக, விழுகிறவர்களில் பாதிப்பேர் 48க்கு மேல் போகவே இல்லை. எங்கள் ஊரில் அது உட்துறைமுக வீதி வேகம்.

அந்த அறிக்கையில் இன்னொரு விசயம் எங்களுக்கும் அப்படியே பொருந்தும்: அவசரத்தில் ஆட்கள் பின் பிரேக்கை மிதித்து வழுக்குகிறார்கள், முன் பிரேக்கைப் போதியளவு பிடிப்பதில்லை. "முன் பிரேக் புடிச்சா தூக்கி எறிஞ்சுபோடும்" என்று தகப்பன்மார் சொல்லிக்கொடுத்தது இன்னும் போகவில்லை. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சில்லுக்குப் போகிறது, நிறுத்தும் பலமும் அங்கேதான் இருக்கிறது. நீளமான குரூஸரில் பின் பிரேக்குக்குச் சற்றுக் கூடுதல் வேலை உண்டு, அதற்காக அதை மட்டும் நம்பினால் நிற்காது. சட்டென்று இழுக்காமல், பிழிந்து இறுக்கவேண்டும். சாம்பல்தீவுப் பக்கம் கடற்கரை மணல் தாரில் ஏறிக் கிடக்கும் இடங்களில் முன் சில்லு பூட்டினால் அடுத்த கணம் நிலத்தில்தான், ஆகவே மணலுக்கு முன்னரே வேகம் குறைந்திருக்கவேண்டும். இரவில் மாடு, நகருக்குள் புள்ளிமான், கந்தளாய் தாண்டினால் யானை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கிண்ணியாப் பாலத்தில் பக்கக் காற்று. பிளாஸ்ரிக் மூடி போட்ட ரேஸ் பைக்கைத்தான் அது கூடுதலாகத் தள்ளும்.

இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதுப் பைக்குக்கும், பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025இல்தான் திரும்பத் திறந்தது. நீங்கள் செக்கனாண்டாக வாங்கும் வண்டியில் ஏபிஎஸ் இல்லாமல் இருக்க நிறைய வாய்ப்புண்டு. முன் டிஸ்க்குக்குப் பக்கத்தில் துளைத்துளையான சின்ன வளையமும் அதை ஒட்டி ஒரு வயரும் இருக்கிறதா பாருங்கள். மட்கார்ட்டில் ஒட்டிய ஸ்ரிக்கரை நம்பவேண்டாம்.

பின்னால் இருப்பவரைப் பற்றி இரண்டு கட்சியும் கதைப்பதே இல்லை. ரேஸ் பைக்கின் பின் சீற் உயரம், சிறிது, பிடிக்க ஒன்றுமில்லை. அதில் மனைவியை ஒரு பக்கமாக இருத்திக் கொண்டுபோவதை நான் காணும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு பதறும். குரூஸரில் இருக்கை பரவாயில்லை, ஆனால் சைலன்சர் குழாய் கெண்டைக்காலுக்குப் பக்கத்தில் ஓடும். சூட்டுக் காயம் சாதாரணம். சேலைத் தலைப்பு, சால்வை, அபாயா மூன்றுமே செயினிலும் கம்பியிலும் சிக்கும். சேலை சில்லில் சிக்காமல் தடுக்கும் சாறிக்காட்டைக் கழற்றி எறிவது ரேஸ் பைக்காரரின் முதல் 'மொடிபிகேஷன்'. வீட்டில் ஒரு பெண்ணாவது அதில் ஏறுவாரென்றால் அதைத் திரும்பப் பூட்டுங்கள்.

ஹெல்மெட்டைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல? உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் அது மரணத்தை 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது. ஸ்ட்ரப் பூட்டியிருந்தால் மாத்திரம். குரூஸர் கட்சிக்குப் பிடித்த அரைக்கோப்பை ஹெல்மெட் நாடியைக் காப்பாற்றாது.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுதியதற்கே காரணமான ஒன்று. தோளும் தலையும் எதிரெதிர்ப் பக்கம் இழுபட விழும்போது, கழுத்திலிருந்து கைக்குப் போகும் ஐந்து நரம்பு வேர்களும் இழுபடும், கிழியும், சில நேரம் முள்ளந்தண்டிலிருந்தே பிடுங்கப்படும். எந்த வகை பைக்கிலும் நடக்கும். எலும்பு முறியாமலும் நடக்கும், அதனால்தான் தவறவிடுகிறார்கள். எக்ஸ்ரே சுத்தம், காயம் ஆறுகிறது, கை மட்டும் தொங்குகிறது. "அதிர்ச்சியில கிடக்குது, எண்ணெய் போட்டா வரும்" என்று முறிவு நெரிவு பார்க்கிறவரிடம் போய், கட்டி, உருவி, மாதங்கள் ஓடிய பிறகு என்னிடம் வருகிறார்கள். சேதமான நரம்பு வளர்வது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். கழுத்திலிருந்து விரல் நுனிவரை அளந்து பாருங்கள். நரம்பில்லாத தசை அவ்வளவு காலம் காத்திருக்காது. ஒன்று, ஒன்றரை வருடத்தில் நரம்பு வந்து சேர்ந்தாலும் எழுப்ப முடியாதபடி மாறிவிடும். ஆகவே நரம்பை ஒட்டுவதோ, விலாவுக்குப் போகும் நரம்பொன்றைத் திருப்பிக் கைத்தசைக்குக் கொடுப்பதோ, சத்திரசிகிச்சை எதுவானாலும் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் நடப்பதுதான் நல்லது.

விழுந்த பிறகு இவற்றைப் பாருங்கள்: முழங்கையை மடிக்க முடிகிறதா, தோளைப் பக்கவாட்டில் உயர்த்த முடிகிறதா, விரலை விரிக்க முடிகிறதா. கையில் மரத்துப்போன இடமோ, கரண்ட் அடிப்பதுபோல எரிவோ உண்டா. கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். அதே பக்கத்துக் கண்ணிமை கொஞ்சம் இறங்கி, கருமணி சிறுத்திருந்தால் வேர் பிடுங்கப்பட்டதற்கான அறிகுறி அது, நித்திரைக் குறைவு அல்ல. இதில் ஒன்று இருந்தாலும் நரம்புக் காயத்தைப் பார்க்கும் சத்திரசிகிச்சை நிபுணருக்குத் துண்டு எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள். மூன்று, நான்கு கிழமையில் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்யலாம்.

வீதியில் விழுந்து கிடப்பவரைக் கையில் பிடித்துத் தூக்கவேண்டாம், ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றவும் வேண்டாம், 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். வீட்டில் இருக்கும்போது தொங்கும் கையைத் துணித் தொட்டிலில் தாங்கி வையுங்கள். மற்றக் கையால் ஒவ்வொரு மூட்டையும் நாளுக்குச் சில தடவை மெதுவாக அசைத்து வாருங்கள், மூட்டு இறுகிவிட்டால் பிறகு நரம்பு வந்தும் பயனில்லை. உருவுவதும் இழுப்பதும் வேண்டாம். உணர்வில்லாத தோலில் சுடுதண்ணிப் போத்தல் வைக்கவேண்டாம், வெந்தாலும் அவருக்குத் தெரியாது.