வெட்டு விழுவது மருந்துத் துண்டில்

மலையகத்தின் பொகவந்தலாவையில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணிடம் காப்புறுதி அட்டை இருப்பது அரிது. ஆனாலும் டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்தால் அவருக்குக் கட்டணம் இல்லை. இலங்கையின் அரச மருத்துவம் வரிப்பணத்தில் நடக்கிறது. காப்புறுதி செய்யவேண்டிய வேலையை அதுவே செய்கிறது.

ஆயிரம் குடும்பங்களில் பத்துக்கு மட்டும் இவ்வாண்டு தலா 3 லட்சம் ரூபாய் மருத்துவச் செலவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தனித்து நின்றால் அந்தப் பத்தும் கடனில் விழும். ஆயிரமும் சேர்ந்து சுமந்தால் வீட்டுக்கு 3,000 ரூபாய்தான். யாருக்கு நோய் வரும் என்பது தெரியாது, எத்தனை பேருக்கு வரும் என்பதை ஏறக்குறையக் கணிக்கலாம். காப்புறுதியின் கணக்கு முழுவதும் இதில்தான் நிற்கிறது. இங்கே தவணைப் பணம் வரியாகப் போகிறது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். சவர்க்காரம் வாங்கும்போதும் போனுக்கு ரீலோட் போடும்போதும் தோட்டத்து லயன் வீட்டில் இருப்பவரும் அதைக் கட்டுகிறார். தம் பங்கைக் கட்டியவருக்கு மருந்து கொடுப்பதைச் சலுகை என்று பேசுவது அநியாயம்.

நிதி குறைந்தாலும் ஆஸ்பத்திரி திறந்தே இருக்கும். சம்பளத்தில் எளிதில் கைவைக்க முடியாது. சத்தமில்லாமல் குறைவது மருந்தும் ஆய்வுகூடப் பொருட்களும்தான். ஒதுக்கீட்டைக் குறைக்காமலும் இது நடக்கும். நம் மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதி. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது, அதே தொகைக்கு வாங்கக்கூடிய இறக்குமதி மருந்து முன்பு வாங்கியதில் பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

உயர் இரத்த அழுத்தத்துக்கு மருந்தெடுக்கும் ஒரு தோட்டத் தொழிலாளியின் கிளினிக் கொப்பியில் மூன்று மருந்து எழுதியிருக்கும். கவுண்டரில் இரண்டு கிடைக்கும், மூன்றாவதற்கு ஒரு துண்டு: 'வெளியில் வாங்கவும்.' கிளினிக்குக்கு வந்ததால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது அந்த நாள் வேலைநாளாகப் பதியப்படாது. 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளப்படி 1,350 ரூபாய் போயிற்று. பஸ் காசு வேறு. கையில் மிஞ்சியதற்குப் பத்து நாள் மாத்திரை வாங்கி, ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுவார். இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலி காட்டாது. ஆகவே இந்தச் சிக்கனத்தில் ஆபத்து இருப்பது தெரியாது. உள்ளே இரத்தக்குழாய்ச் சுவர்கள் தடித்துக் கெட்டுக்கொண்டே வரும். ஒருநாள் மூளையில் ஒன்று அடைபடும் அல்லது வெடிக்கும். பிறகு ஸ்கேன், வார்டுக் கட்டில், மாதக்கணக்கில் இயன்மருத்துவம் என்று அதே அரசுதான் செலவழிக்கிறது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்பதால் வீட்டில் இன்னொருவரின் பேரும் போகிறது.

ஒரு குடும்பம் தன் மொத்தச் செலவில் 10 வீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குக் கொடுத்தால், அது தாங்கமுடியாத சுமை என்பது உலகளவில் கையாளும் அளவுகோல்களில் ஒன்று. அதில் பெரிய ஓட்டை இருக்கிறது. மருந்தே வாங்காமல் விட்டவரின் செலவு பூச்சியம். அவர் கணக்கில் பாதுகாப்பாக இருக்கிறார்!

அத்தியாவசிய மருந்துக்கான ஒதுக்கீட்டை டொலர் விலையோடு சேர்த்துக் கணிக்கவேண்டும், ஆண்டு நடுவில் அதை வேறு செலவுக்குத் திருப்பக்கூடாது. ஒவ்வொரு வைத்தியசாலையும் தான் எழுதிக்கொடுத்த 'வெளியில் வாங்கவும்' துண்டுகளை மருந்துவாரியாக எண்ணி, வரவுசெலவுத் திட்ட விவாதத்துக்கு முன் பகிரங்கமாக வெளியிடவேண்டும்.