மீசையால் ருசிக்கும் மீனுக்கு எந்த மணல்?

மீன்தொட்டியில் வளர்க்கும் சிறிய கோரிடோராஸ் கெளுத்திகளின் மீசை வரவரக் குட்டையாகிறதே, தொட்டியில் போட்ட கற்கள்தான் காரணமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூர்மையான கல்லும் காரணமாகலாம், கல்லிடுக்கில் அழுகும் தீனியும் காரணமாகலாம். பெரும்பாலும் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். கல் கீறுகிறது, அழுக்கில் பெருகிய பாக்டீரியா அந்தக் கீறலில் புகுந்து அரிக்கிறது.

அந்த மீசை போனால் மீனுக்கு என்ன நஷ்டம்? நம் நாக்கில் இருக்கும் சுவை மொட்டுகள் கெளுத்திக்கு மீசையிலும் உதட்டிலும் இருக்கின்றன. சில இனங்களுக்கு உடம்பெல்லாம் உண்டு. வட அமெரிக்காவின் மஞ்சள் புல்ஹெட் கெளுத்திக்குத் தோலில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கலங்கிய நீரிலும் இருட்டிலும் இரை தேட இதுதான் வழி.

கோரிடோராஸ் மேய்வதைக் கிட்டே உட்கார்ந்து பாருங்கள். மீசையால் தரையைத் துழாவிக்கொண்டே போகும், சட்டென்று நின்று கண் வரைக்கும் மூஞ்சியை மணலில் புதைக்கும். வாய் நிறைய மணலை அள்ளும். அடுத்த நொடி, செவுள் மூடிகளின் ஓரத்தில் மணல் மெல்லிய புகைபோலக் கசிந்து வெளியேறும். புழுவோ தீனித் துணுக்கோ மட்டும் உள்ளே தங்கிவிடும். வாய்க்குள்ளேயே சலிப்பு நடக்கிறது!

எதை விழுங்குவது, எதைத் துப்புவது என்று எப்படித் தெரிகிறது? கெளுத்திக்குச் சுவையறிய இரண்டு தனித்தனி ஏற்பாடுகள். மீசையிலும் உதட்டிலும் அறியும் சுவை முக நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. தொண்டையிலும் செவுள் வளைவுகளிலும் அறிவது வேகஸ் நரம்பு வழியே போகிறது. 1971-ல் உயிரியலாளர் யெல்லே அட்டெமா புல்ஹெட் மீன்களின் மூளையில் இந்த இரண்டு நரம்புகளும் போய்ச் சேரும் பகுதிகளைத் தனித்தனியே நீக்கிப் பார்த்தார். முதலாவது இல்லாத மீனால் இரையைத் தேடிக் கவ்வ முடியவில்லை. இரண்டாவது இல்லாத மீன் கவ்வியது, ஆனால் விழுங்கத் தெரியவில்லை. தேடுவதற்கு ஒரு நாக்கு, தீர்ப்புச் சொல்ல இன்னொரு நாக்கு! மீன் எப்படி ருசிக்கிறது என்ற ஆராய்ச்சிக்கெல்லாம் எதற்குப் பணம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. உயிரினம் ஒன்றைப் புரிந்துகொள்வதே போதுமான பயன்.

சரி, இப்போது மணலுக்கு வருவோம். செவுள் வழியே தடையின்றிப் போகவேண்டும் என்பதால் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான, முனை மழுங்கிய மணல்தான் சரி. கல்லை உடைத்துத் தூளாக்கியது வேண்டாம். விரல்களுக்கிடையே தேய்த்தால் உறுத்தக் கூடாது. கொஞ்சம் வினிகர் விட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. நீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும், மென்னீர் மீனுக்கு ஆகாது. உயரம் 3 முதல் 5 சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் அடியில் ஆக்சிஜன் அற்றுப்போய் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு உருவாக வாய்ப்புண்டு.

கெளுத்தி தொட்டியைச் சுத்தம் செய்யும், அழுக்கைத் தின்றே பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பல மீன்களைப் பட்டினி போட்டிருக்கிறது. கழிவு அதற்கு உணவல்ல. மூழ்கும் தீனி தனியாகப் போடுங்கள், மணல் மேல் படிவதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள்.

மீசையின் அடிப்பகுதி அழியாமல் இருந்தால் அது மறுபடி வளரும். ஆனால் கற்களை ஒரே நாளில் அள்ளிவிடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவை மாற்றும் பாக்டீரியா அவற்றிலும் குடியிருக்கிறது. சில வாரங்களில் பகுதி பகுதியாக மாற்றுங்கள், அதுவரை ஃபில்டரைக் கழுவ வேண்டாம்.